இடிப்பதற்கும் ஒரு முறை உண்டு

ஆலயத் திருப்பணி தொடங்கும்போது முதலில் கடப்பாரையை எடுப்பதில்லை. முதலில் நடப்பது பாலாலயம். மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து, பின் அத்திப் பலகையிலோ சித்திரத்திலோ எழுந்தருளச் செய்து, தனியிடத்தில் நித்திய பூஜை தடையின்றி நடக்க வழி செய்கிறார்கள். அதன் பிறகே கருவறை மூடப்பட்டு, ஸ்தபதியார் எந்தக் கல்லை எடுக்கலாம், எந்தக் கல்லைத் தொடக்கூடாது என்று ஆராய்கிறார். பழுதுபட்டதைச் சீர்செய்வதை ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்று போற்றுகின்றன. சிற்ப நூலான மயமதத்தில் பழுது நீக்கும் பணிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. புதிதாகக் கட்டுவதற்கு இருப்பது போலவே, பழையதைப் பிரிப்பதற்கும் நம் முன்னோர் முறை வகுத்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

வீட்டு விஷயத்தில் அந்த முறை பெரும்பாலும் கைவிடப்படுகிறது. காலையில் மேஸ்திரி வருகிறார். சுவரைக் கையால் தட்டிப் பார்க்கிறார். "இது சும்மா தடுப்புச் சுவர்தான் சார்" என்கிறார். மாலைக்குள் சுவர் இருந்த இடத்தில் செங்கற்குவியல் கிடக்கிறது. மேலே விரிசல் தெரியும்போதுதான் அந்தச் சுவர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்ற கேள்வி எழுகிறது.

முதியவர்கள் வாழும் வீடுகளில் உள்ளே இடித்து மாற்ற வேண்டிய தேவை இன்று அதிகமாகியிருக்கிறது. முழங்கால் வலியால் தரைமட்டக் கழிப்பறையை மேல்நாட்டு முறைக்கு மாற்ற வேண்டும். சக்கர நாற்காலி நுழையக் குளியலறை வாசலை அகலப்படுத்த வேண்டும். தடுக்கி விழச் செய்யும் படியை எடுக்க வேண்டும். இருட்டான சமையலறையின் சுவரை நீக்கி வெளிச்சம் கொண்டுவர வேண்டும். இவை ஆடம்பரங்கள் அல்ல. ஆனால் செலவாவது பெரும்பாலும் ஓய்வுக்காலச் சேமிப்பு. இடிபடுவது தலைக்கு மேல் கூரையைத் தாங்கும் வீடு. ஆகவே இரண்டுக்கும் சேதமில்லாமல் காரியத்தை முடிக்கும் வழியை அறிந்துகொள்வது அவசியம்.

எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது?

தமிழகத்து வீடுகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் எலும்புக்கூடு போல நின்று பாரத்தைத் தாங்க, இடையில் செங்கல் அடைக்கப்பட்ட வீடுகள் ஒரு வகை. தூண்களே இல்லாமல், செங்கற்சுவர்களே கூரையைத் தாங்கும் வீடுகள் மற்றொரு வகை. பழைய தனி வீடுகளில் மிகப் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பழைய அடுக்ககங்கள் சிலவும் அப்படியே.

இன்னும் பழைமையான வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் தளம் இருக்கும். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த தளம் அது. அந்தக் கட்டைகளின் இரு முனைகளும் சுவரில்தான் அமர்ந்திருக்கின்றன. அவற்றுக்குக் கீழுள்ள சுவரை முட்டுக் கொடுக்காமல் எடுத்தால் கூரையையே எடுப்பதற்குச் சமம். அக்கிரகாரத்து வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்து வீட்டுக்கும் அதே பொதுச் சுவர் என்றால், அவர்களுடைய கட்டைகளும் அதில் அமர்ந்திருக்கக்கூடும்.

சுவரின் கனம் ஒரு குறிப்பைத் தரும். முடிவான விடையைத் தராது. 9 அங்குலச் சுவர் பாரம் தாங்குவதாக இருக்க வாய்ப்பு மிகுதி. நாலரை அங்குலச் சுவர் தடுப்பாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் தூண் வைத்த வீட்டில் 9 அங்குலச் சுவர் வெறும் அடைப்பாகவும் இருக்கலாம். நாலரை அங்குலச் சுவரின் மேல் பரணும், பரணின் மேல் தண்ணீர்த் தொட்டியும் பின்னாளில் ஏற்றப்பட்டிருக்கலாம். மாடியில் அதே இடத்தில் சுவர் நிற்கிறதா, தளத்தின் கம்பிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, உத்திரத்தின் முனை எங்கே முடிகிறது என்பவற்றையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். தட்டிப் பார்த்து வரும் ஓசையால் இது தெரியாது.

இதைச் சொல்லத் தகுதி பெற்றவர் கட்டமைப்புப் பொறியாளர். அவர் ஒருமுறை வந்து பார்த்து எழுத்தில் தரும் கருத்துக்கு ஆகும் கட்டணம், மொத்தச் செலவில் சிறு பகுதியே. சுவரை எடுத்தே ஆக வேண்டுமானால், எங்கே முட்டுக் கொடுப்பது, சுவருக்குப் பதிலாக எந்த அளவில் இரும்பு அல்லது கான்கிரீட் உத்திரம் வைப்பது, அது எவ்வளவு தூரம் இருபுறமும் ஊன்ற வேண்டும் என்பதை அவர் வரைந்து கொடுப்பார். வரைபடம் கைக்கு வந்த பிறகே மேஸ்திரியை அழைக்க வேண்டும்.

அடுக்ககத்தில் வசிப்போர் சங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும். சுவர் ஒருவருடைய வீட்டுக்குள் இருந்தாலும், அது தாங்கும் பாரம் அனைவருடையது. வெளித்தோற்றத்தையோ கட்டமைப்பையோ மாற்றும் பணியாக இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பத்திரம் வங்கியில் அடமானமாக இருப்பின் வங்கிக்கும் தெரிவிப்பது முறை. கட்டமைப்பை மாற்றும் முன் கடன் தந்தவரின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை கடன் ஒப்பந்தங்களில் பொதுவாக இருக்கும்.

வாஸ்துவுக்காக இடிக்கும்போது

வாஸ்து சாஸ்திரத்தில் நம்பிக்கை கொண்ட குடும்பங்களில், குறை தீர்க்கவென்றே இடிப்பு தொடங்குவதும் உண்டு. அடுப்பு அக்கினி மூலைக்கு வர வேண்டும், ஈசானியத்தில் பாரம் கூடாது என்பவை நெடுநாள் மரபில் வந்த கருத்துகள். அவற்றை மதிப்பதற்கும், அதற்காக உத்திரத்தை வெட்டுவதற்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. வாஸ்து நூல்கள் திசையை மட்டும் சொல்பவை அல்ல; தூணின் அளவு, மரத்தின் தரம், பூட்டு, பொருத்து ஆகியவற்றை விரிவாகச் சொல்பவை. நிலைத்து நிற்பதே கட்டடத்தின் முதல் இலக்கணம். ஆகையால் ஜோதிடர் அல்லது வாஸ்து அறிஞர் சொன்ன மாற்றத்தைப் பொறியாளரிடம் காட்டிய பிறகே செயல்படுத்த வேண்டும். பாரம் தாங்கும் சுவரைத் தொடாமல், அடுப்பு மேடையையோ அலமாரியையோ மட்டும் இடம் மாற்றி அதே பலனைப் பெறும் வழி பல வேளைகளில் கிடைக்கும்.

நாள் பார்ப்பதிலும் மரபும் நடைமுறையும் கைகோக்கின்றன. வாஸ்து புருஷன் கண் விழிப்பதாகப் பஞ்சாங்கங்கள் குறிக்கும் நாட்கள் ஆண்டுக்கு 8. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய மாதங்களில் அவை வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாஸ்து நாள் இருந்தாலும், கூரையைத் திறக்கும் வேலைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் உகந்ததல்ல. சிறிய பூஜை மட்டும் அந்நாளில் செய்துவிட்டு, வேலையைத் தை பிறந்ததும் தொடங்கலாம். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது இடிப்பு வேலை கூடாது என்று பெரியோர் விதித்ததும் பொருள் பொதிந்தது. தூசி, இரைச்சல், வழுக்கல் ஆகிய மூன்றும் அவருக்கு ஆகாதவை.

பூஜை அறையை முதலில் மாற்றுக

ஆலயத்தில் பாலாலயம் செய்வது போல, வீட்டிலும் முதலில் பூஜைக்கு மாற்றிடம் அமைத்துவிட வேண்டும். வேலை நடக்காத அறையில், தூசி எட்டாத இடத்தில் ஒரு பலகையிட்டு, கோலமிட்டு, நித்திய பூஜை மூர்த்திகளையும் குலதெய்வப் படத்தையும் விளக்கையும் அங்கே எழுந்தருளச் செய்யலாம். சாளக்கிராமமோ ஸ்படிக லிங்கமோ வைத்துப் பூஜிப்பவர்கள் தங்கள் குல வழக்கப்படி புரோகிதரிடம் கேட்டுச் செய்வது நலம். வேலை முடியும்வரை ஒருநாளும் விளக்கு நிற்காமல் பார்த்துக்கொண்டால், வீடு கலைந்து கிடக்கும் நாட்களிலும் மனம் கலையாது.

பழைய சுவரிலும் பரணிலும் வேறு குடியிருப்போரும் உண்டு. குருவிக்கூடு, அணில் கூடு, பல்லி, குளவி, சில வேளை தேள், பாம்பு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருஹத் சம்ஹிதையில், மரம் வெட்டுவதற்கு முந்தைய இரவு அதற்குப் பூஜை செய்து, அதில் வசிக்கும் உயிர்கள் வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். இடிப்புக்கு இரண்டு நாள் முன்பே பரணைக் காலிசெய்து, வெளிச்சம் விட்டு, குஞ்சுள்ள கூடு இருந்தால் அவை பறக்கும்வரை பொறுத்திருப்பது அந்த வேண்டுதலின் இன்றைய வடிவம். வேலையாட்களின் கை சுவர் இடுக்குக்குள் போகுமுன் தேளும் பாம்பும் விலக வாய்ப்புக் கிடைப்பது கூடுதல் நன்மை.

ஒப்பந்தக்காரரை அமர்த்தும் முறை

குறைந்தது மூவரிடம் மதிப்பீடு கேட்க வேண்டும். மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்கிறார்களா என்பதை உறுதிசெய்யாவிட்டால் ஒப்பிடுவதில் பயனில்லை. ஒருவர் இடிப்புக்கு மட்டும் சொல்லியிருப்பார். மற்றவர் இடிபாட்டை அகற்றும் லாரிக் கூலியையும் சேர்த்திருப்பார். மூன்றாமவர் பூச்சுவேலையையும் சேர்த்திருப்பார். ஆகவே வீட்டுக்காரரே ஒரு தாளில் வேலைகளை வரிசையாக எழுதி, அதே தாளின் நகலை மூவருக்கும் தருவது நல்லது. எந்தச் சுவர், எவ்வளவு நீளம், உயரம், எது இடிக்கப்படக் கூடாது, மின்சாரம், குழாய் ஆகியவற்றைத் துண்டிப்பது யார், முட்டும் சாரமும் யாருடையவை, இடிபாடு எத்தனை நாளில் எங்கே போகும், ஜி.எஸ்.டி. உண்டா, அண்டை வீட்டுக்குச் சேதம் வந்தால் பொறுப்பு யாருடையது என்பவை அதில் இருக்க வேண்டும்.

மிகக் குறைந்த விலை சொன்னவரைத் தேர்ந்தெடுக்குமுன், அவர் அண்மையில் முடித்த இரண்டு வீடுகளையேனும் நேரில் சென்று பார்க்கலாம். அங்கே வசிப்பவரிடம், "சொன்ன நாளில் முடித்தாரா? பாதியில் கூடுதல் கேட்டாரா?" என்ற இரண்டு கேள்விகள் போதும்.

முன்பணம் விஷயத்தில் முதியவர்கள் இரக்கத்தால் ஏமாறுவது உண்டு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்பணம் தருவது நியாயமானது. மீதியை வேலையின் கட்டங்களோடு இணைக்க வேண்டும். முட்டுக் கொடுத்ததும் ஒரு பகுதி, இடித்து இடிபாடு அகன்றதும் ஒரு பகுதி, உத்திரம் வைத்ததும் ஒரு பகுதி, பூச்சு முடிந்ததும் ஒரு பகுதி. கடைசிப் பத்தில் ஒரு பங்கை ஒரு மாதம் நிறுத்தி வைத்து, விரிசலோ கசிவோ இல்லை என்று கண்ட பின் தரலாம். இந்த ஏற்பாட்டை முதலிலேயே சொல்லி எழுதிக்கொண்டால் நேர்மையான ஒப்பந்தக்காரர் மறுக்கமாட்டார். பணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ தருவதும், ரொக்கமாகத் தந்த ஒவ்வொரு தொகைக்கும் தேதியிட்டு ஒரு நோட்டில் கையெழுத்துப் பெறுவதும் இருவருக்கும் பாதுகாப்பு. இடையில் வேலை கூடினால் அதையும் தொகையோடு அதே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பணத் தகராறுகள் பல, வாய்மொழியாகச் சொன்ன கூடுதல் வேலையிலிருந்தே பிறக்கின்றன.

பணத்தைப் பெற்றுக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டாலோ, குறையுடன் முடித்தாலோ, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிணக்கு எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகாருக்குக் கட்டணம் இல்லை. மேற்சொன்ன தாளும் நோட்டும் அப்போது சாட்சியாக நிற்கும்.

பழைய பொருள் யாருக்கு?

பழைய வீட்டை இடிக்கும்போது வெளிவருவது வெறும் குப்பை அல்ல. பர்மா தேக்குக் கட்டைகள், நிலைகள், பித்தளைக் கீல்கள், ஆத்தங்குடி ஓடுகள், கல் உரல், ஆட்டுக்கல், சுண்ணாம்பில் கட்டிய நல்ல செங்கற்கள். "பழைய சாமான் எனக்கு, கூலியில் குறைத்துக்கொள்கிறேன்" என்று ஒப்பந்தக்காரர் கேட்பது வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் பொருளின் விலை தெரியாமல் சம்மதிக்கக் கூடாது. பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவரை முன்னதாக அழைத்து மதிப்பைக் கேட்டுவிட்டு, எவை வீட்டுக்கு, எவை ஒப்பந்தக்காரருக்கு என்று பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிட வேண்டும். பாட்டனார் காலத்து நிலைவாசல் விற்கப்படப் போகிறதென்றால் வெளியூரில் உள்ள பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. திருமகள் உறையும் இடமென மஞ்சள் பூசி வணங்கிய நிலையை, இயன்றால் வீட்டிலேயே வேறு வாசலுக்குப் பயன்படுத்தலாம்.

தாமே செய்யக்கூடியவையும் கூடாதவையும்

ஓய்வுபெற்ற பின் பொழுதும் தெம்பும் இருக்கிறது என்று சிலர் தாமே உளியும் சுத்தியலும் எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் செய்யத்தக்க வேலைகள் பல உண்டு. அறையைக் காலிசெய்தல், படங்களையும் திரைச்சீலைகளையும் கழற்றுதல், மின்விசிறி, விளக்குகளை எலக்ட்ரீஷியனைக் கொண்டு எடுத்தல், வேலைக்கு முன் சுவர்களையும் அண்டை வீட்டு விரிசல்களையும் தேதியுடன் புகைப்படம் எடுத்தல், மூடவேண்டிய பொருள்களைத் தார்ப்பாயால் மூடுதல் ஆகியவை. ஏணியில் ஏறுவது, சம்மட்டி வீசுவது, பிரேக்கர் இயந்திரத்தைப் பிடிப்பது அறுபது கடந்தவர்க்குரியவை அல்ல. இடிப்பதை விட விழுவதுதான் அவர்களுக்குப் பெரிய அபாயம்.

யார் செய்தாலும் வரிசை மாறக்கூடாது. இந்தியத் தர நிர்ணயத்தில் கட்டட இடிப்புப் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 4130 என்னும் விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் சாரம் எளிமையானது. முதலில் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்க வேண்டும். சுவரை மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காக எடுக்க வேண்டும். அடியில் குடைந்து மொத்தமாகச் சாய்ப்பது கூடாது. பல உயிர்கள் போவது அப்படித்தான். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் ஒயர் ஓடுவது வழக்கம் என்பதால், மெயினை அணைத்துச் சோதித்த பின்னரே அங்கே உளி படலாம்.

மாடிக் குளியலறையின் தரையை உடைப்பதில் தனிக் கவனம் வேண்டும். டைல்ஸுக்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு இருக்கும். அது உடைந்தால் மீண்டும் பூசி, ஓரிரு நாள் தண்ணீர் தேக்கி வைத்துச் சோதித்த பிறகே புதிய டைல்ஸ் பதிக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காக வாசலை அகலப்படுத்துவோர் 3 அடி அளவுக்கு வழி விடுவது நல்லது. கைப்பிடி பொருத்தும் சுவர் உறுதியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எடையும் தூசியும்

10 அடி நீளம், 10 அடி உயரமுள்ள நாலரை அங்குலச் சுவர் பூச்சுடன் சேர்ந்து 2 டன்னுக்கு மேல் எடையுள்ளது. 9 அங்குலச் சுவரானால் ஏறத்தாழ அதற்கு இரு மடங்கு. வீடுகளின் மாடித்தளம் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு பயன்பாட்டுப் பாரத்துக்கே வடிவமைக்கப்படுகிறது. இடிபாட்டை ஓரடி உயரம் குவித்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். ஆகவே மாடியில் இடிப்போர் அன்றன்றைய இடிபாட்டை அன்றே மூட்டைகளில் கட்டிக் கீழே இறக்கிவிட வேண்டும்.

அதைத் தெருவிலோ சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டுவது குற்றம். கட்டட இடிபாடுகளைக் கையாளும் விதிகளை மத்திய அரசு வகுத்துள்ளது. வீட்டுக்காரர் தம் இடிபாட்டைப் பிரித்துவைத்து, உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இவற்றைப் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. லாரிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேட்பது வீட்டுக்காரரின் கடமை. ஊர்க்குளத்தைத் தூர்த்துவிட்டுக் கோயில் தெப்பத்துக்குத் தண்ணீர் இல்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

தூசி கண்ணுக்குத் தெரியாத பகை. செங்கல், சிமெண்ட், கல் ஆகியவற்றை வெட்டும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து நிலைத்த நோயைத் தரும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை அடித்து உடைக்கவோ அறுக்கவோ கூடாது. நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அத்தூசி குழந்தைகளுக்குப் பெருங்கேடு. தண்ணீர் தெளித்து வேலை செய்வது, என்.95 முகக்கவசம் அணிவது, ஆஸ்துமா அல்லது இதய நோய் உள்ள பெரியவர்களை அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைப்பது ஆகியவை செலவு குறைந்த பாதுகாப்புகள்.

வேலை செய்பவர்

எல்லாம் எழுதி வைத்த பிறகும், கூரைக்குக் கீழே நின்று சுவரை எடுப்பவர் கூலித் தொழிலாளியே. தலைக்கவசமும் காலணியும் இல்லாமல் கடப்பாரை பிடிப்பவரை நம் தெருக்களில் நாள்தோறும் காணலாம். அவற்றைத் தருவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுவதோடு நில்லாமல், முதல்நாள் காலையில் வீட்டுக்காரரே அதைப் பார்த்துக் கேட்க வேண்டும். தொழிலாளி கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றவரா என்றும் விசாரிக்கலாம். பதிவு இருந்தால் விபத்து நேர்ந்த குடும்பத்துக்கு வாரியத்தின் உதவி கிடைக்கும். "இன்றைக்கே முடியுங்கள்" என்று அவசரப்படுத்தாமல் இருப்பது, நண்பகலில் மோரும் ஓய்வும் தருவது ஆகியவை வீட்டுப் பெரியவர்களால் இயலும் காரியங்கள்.

இல்லறத்தான் அறியாமலே உயிர்க்குத் துன்பம் விளைக்கும் இடங்கள் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என ஐந்து என்றும், அதற்குக் கழுவாயாக ஐம்பெரும் வேள்விகளைச் செய்ய வேண்டும் என்றும் தர்ம சாஸ்திரம் கூறுகிறது. துடைப்பத்தால் எறும்புக்கு நேரும் துன்பத்தையும் கணக்கில் வைத்த மரபு, சம்மட்டியால் மனிதனுக்கு நேரக்கூடியதைக் கணக்கில் வையாதிருக்குமா? வேலைக்கு வந்த அனைவரும் காயமின்றி வீடு திரும்பிய பின் ஏற்றும் விளக்கே புதுப்பித்த இல்லத்துக்குச் சரியான கிரகப்பிரவேச விளக்கு.